தைப்பூசமும் ஆரஞ்சு எச்சரிக்கையும்: சிங்கப்பூர் நாட்குறிப்பு, 2020

பிப்ரவரி 6, வியாழன்

திருச்சி விமான நிலையத்தில் ஏறும்போதே பாதிப் பேர் முகத்தை மூடியிருந்தார்கள். மருத்துவமனையில் கட்டும் நீல நிறக் கவசம், கைக்குட்டை, துப்பட்டா என்று கையில் கிடைத்ததைக் கட்டியிருந்தார்கள். யாராவது இருமினால் மூன்று வரிசைக்கு முன்னால் இருப்பவர் கூடத் திரும்பிப் பார்த்தார். சாங்கியில் இறங்கியதும் உடல் வெப்பநிலை பார்க்கும் கருவியைக் கடந்து போனேன். அந்த இடத்தில் நின்ற ஊழியர்கள் மட்டும் பதற்றமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது மனதுக்கு இதமாக இருந்தது.

நான் வந்தது தைப்பூசத்துக்காக. அக்கா பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் இங்கே ஒரு மருத்துவமனையில் தாதி. மாமா கட்டுமானத் துறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். அங் மோ கியோவில் அடுக்குமாடி வீடு. வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா காட்டியது, அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்த நான்கு முகக்கவசங்கள். 13 லட்சம் குடும்பங்களுக்கு, மொத்தம் 52 லட்சம் கவசங்கள். ராணுவ வீரர்களே உட்கார்ந்து பொட்டலம் போட்டார்களாம். "உடம்பு சரியில்லாதவர் மட்டும் போட்டுக்கொண்டால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றாள்.

இன்று வரை இங்கே 30 பேருக்குப் புதிய கொரோனா கிருமித் தொற்று. நம் நாட்டில் மூன்று பேர்; மூவரும் சீனாவின் வூஹானிலிருந்து கேரளம் திரும்பிய மாணவர்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் முதல் செய்தியே துயரமானது. வூஹானின் கண் மருத்துவர் லீ வென்லியாங் இறந்துவிட்டார். இந்த நோயைப் பற்றி டிசம்பரிலேயே சக மருத்துவர்களை எச்சரித்தவர். அதற்காகக் காவல் துறை அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. பிறகு அவருக்கே தொற்று வந்தது. அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்தச் செய்தியை நின்று படித்தாள். ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாளில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் கிளம்பி, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வழியாக, கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போவார். நகரத்தார் 1859இல் கட்டிய கோயிலின் வழக்கம் இது. ரதம் போகும் வழி சைனாடவுனுக்குள் இருக்கிறது. நானும் அங்கே போனேன்.

எலி வருடத்துக்குக் கட்டிய சிவப்பு விளக்குகள் இன்னும் தொங்குகின்றன. சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கடைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், வாங்க ஆளில்லை. வூஹான் நகரம் மூடப்பட்ட ஜனவரி 23ஆம் தேதிதான் இங்கேயும் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அவர் வூஹானிலிருந்து வந்த 66 வயதுப் பயணி. அன்றிலிருந்து இந்தத் தெருவுக்கு வருவதையே பலர் நிறுத்திவிட்டார்களாம். ஒரு மூலிகைக் கடை வாசலில் நம் ஊர்ச் சுற்றுலாக் குழு ஒன்றைப் பார்த்தேன். குழுவில் ஒரு பெரியவர், "சீனன் கடைப் பக்கம் போகாதீர்கள், எட்டியே நில்லுங்கள்" என்று உரக்கச் சொன்னார். கடைக்குள் இருந்த பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெரியவர் கை காட்டிய திசையும் எல்லோரும் விலகிய வேகமும் புரிந்திருக்கும். அந்தப் பாட்டி இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம். வூஹானைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது. பெரியவரிடம் போய், "ஐயா, இவர்கள் இந்த ஊர்க்காரர்கள்" என்று சொன்னேன். "தெரியும் தம்பி, ஆனாலும்..." என்று இழுத்தார்.

அந்த 'ஆனாலும்' சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மதியமே கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கியது: எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயரப்போகிறது என்று. வெளியிடுவதற்கு முன்பே கசிந்த அரசு அறிக்கை அது. மாலையில் சுகாதார அமைச்சு முறைப்படி அறிவித்தது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு படிகள் கொண்ட எச்சரிக்கை முறை. 2003இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று படுத்திய பாட்டுக்குப் பிறகு வகுத்தது. 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதும் ஆரஞ்சுக்குப் போயிருக்கிறது. இப்போது உயர்த்தியதற்குக் காரணம், சீனாவுக்கும் போகாத, முந்தைய நோயாளிகளோடும் தொடர்பு தெரியாத சிலருக்கு நோய் வந்திருப்பது. இன்றைய கணக்கு 33.

மாமா தொலைபேசியில் கூப்பிட்டு, "வரும்போது இரண்டு பாக்கெட் பால் வாங்கி வா" என்றார். அதற்காகத்தான் வீட்டுப் பக்கத்துப் பேரங்காடிக்குள் நுழைந்தேன். அப்படி ஒரு காட்சியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அரிசி அலமாரி காலி. உடனடி நூடுல்ஸ் காலி. கழிவறைக் காகிதம் இருந்த இடத்தில் விலைச்சீட்டு மட்டும் இருந்தது. தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. வரிசை கடையைச் சுற்றி வளைந்து இறைச்சிப் பகுதி வரை போயிருந்தது. யாரும் சண்டை போடவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பக்கத்து வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதையே தானும் தேடி ஓடினார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தமிழ்ப் பெண் பால் மாவுக்காக நின்றார். எனக்கு முன்னால் நின்ற மலாய் இளைஞர் தன் இடத்தை அவருக்குக் கொடுத்தார். அவருக்கு முன்னால் இருந்த சீன முதியவரும் விலகி வழிவிட்டார். அந்தக் கூட்டத்தில் நான் கண்ட ஒரே நல்ல காட்சி அது.

கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்லும் அறிவிப்பைக் கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கூரைக்குக் கீழே வந்து தோளோடு தோள் உரச நின்றார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. இந்த நாடு தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. அதனால் வந்த அச்சம் என்று புரிகிறது. ஆனால் அதே காரணத்தால்தான் அரிசி இறக்குமதி செய்பவர்கள் கட்டாயம் கையிருப்பு வைக்க வேண்டும் என்று சட்டமும் இங்கே இருக்கிறது. வர்த்தக அமைச்சர் சான் சுன் சிங் போதிய இருப்பு இருப்பதாக இரவே சொல்லிவிட்டார். அதைக் கேட்கும் நிலையில் அந்த வரிசை இல்லை.

பால் கிடைத்தது.

இரவு அக்கா வந்து, நாளைக்கு விடுப்பு ரத்து என்றாள். தாதிகள் எல்லோரும் வேலைக்கு வர வேண்டுமாம். "எனக்காக நீ பால்குடம் எடுத்துவிடு. முருகன் கணக்கில் எழுதிக்கொள்வான்" என்றாள்.

பிப்ரவரி 8, சனி — தைப்பூசம்

விடியற்காலையில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு நானும் மாமாவும் போய்விட்டோம். இங்கிருந்து டேங்க் ரோடு வரை மூன்று, நான்கு கிலோமீட்டர் நடை. உடல்நிலை சரியில்லாதவர்களும் அண்மையில் சீனாவுக்குப் போய் வந்தவர்களும் வர வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் தேய்க்கும் கிருமிநாசினி வைத்திருந்தார்கள். கூட்டம் வழக்கத்தைவிடக் குறைவு என்று மாமா சொன்னார். என் கண்ணுக்கு அதுவே பெரிய கூட்டம். பலர் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். வாயில் அலகு குத்தியவர்கள் எப்படி அணிவார்கள்? அவர்களைச் சுற்றி வந்த உறவினர்கள் அணிந்திருந்தார்கள்.

பாலை ஊற்றி, மஞ்சள் துணி கட்டி, தலையில் வைத்துவிட்டார்கள். நேற்று இரவு பார்த்த முகங்களுக்கும் இன்று பார்த்த முகங்களுக்கும் எவ்வளவு வேறுபாடு! பின்னால் வந்தவர் களைத்துத் தடுமாறினால் முன்பின் தெரியாத நாலு பேர் கை கொடுத்தார்கள். பெருமாள் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் எனக்கு முன்னால் ஒரு சீனர், நடுத்தர வயது, காவி வேட்டி, தோளில் காவடி. பல ஆண்டுகளாக எடுப்பவர் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. அவரோடு வந்த குடும்பம் "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. சிங்கப்பூரில் சீனர்கள் காவடி எடுப்பது புதிதல்ல. ஆனால் நேற்று சைனாடவுனில் பார்த்ததற்குப் பிறகு, ஒருவரும் அவரிடமிருந்து விலகாமல், ஒரு தமிழ்ப் பாட்டி தன் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை அவர் மனைவிக்குக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நேற்றைய பெரியவரை இங்கே கூட்டி வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நோய் தொடாது என்ற நம்பிக்கையில் அவர்கள் அப்படி இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கோயிலுக்குள் நுழையும்போது எல்லோரும் கைகளில் கிருமிநாசினி வாங்கித் தேய்த்துக்கொண்டார்கள். எச்சரிக்கையும் இருந்தது, மனிதரை மனிதராகப் பார்ப்பதும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

சாயங்காலம் பிரதமர் லீ சியன் லூங் காணொளியில் பேசினார். ஆங்கிலம், மாண்டரின், மலாய் மூன்றிலும் பேசினார். புதிய கிருமி சார்ஸைவிட எளிதில் பரவுகிறது, ஆனால் அதைவிட ஆபத்துக் குறைந்தது போலத் தெரிகிறது என்றார். நோய் இன்னும் பரவினால் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். சார்ஸில் இந்த நாடு 238 பேருக்கு நோய் கண்டு 33 பேரை இழந்தது. அந்த அனுபவத்திலிருந்து பேசியதால்தானோ என்னவோ, பேச்சில் அதட்டலும் இல்லை, மழுப்பலும் இல்லை. மோசமாக நடக்கக்கூடியதையும் சேர்த்துச் சொன்னவர் பேச்சைத்தான் என் அக்கா மகள் நம்பினாள். பன்னிரண்டு வயதுக் குழந்தை, "அப்படியென்றால் இனி அரிசி வாங்க ஓட வேண்டாம், இல்லையா?" என்று கேட்டாள். இன்றைய கணக்கு 40.

பிப்ரவரி 9, ஞாயிறு

பேரங்காடிகளில் மறுபடி சரக்கு வந்துவிட்டது. ஃபேர்பிரைஸ் கடைகளில் ஒருவருக்கு இரண்டு மூட்டை அரிசி, நான்கு கட்டுக் காகிதப் பொருட்கள் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். வரம்பு வைத்ததும் வரிசை கரைந்துவிட்டது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு யாருக்கும் அவ்வளவு தேவைப்படவில்லை.

அக்கா காலையில் இரவு வேலை முடிந்து வந்தாள். சீருடையில் இல்லை. முன்பெல்லாம் சீருடையோடுதான் வருவாள். கேட்டதற்கு முதலில் மழுப்பினாள். பிறகு மாமா சொன்னார். மூன்று நாளைக்கு முன்பு கீழே மின்தூக்கியில் ஏறியபோது, உள்ளே இருந்த இருவர் சீருடையைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்களாம். ரயிலிலும் பக்கத்து இருக்கை காலியாகவே வந்ததாம். இவளுக்கு மட்டும் நடப்பதில்லை இது. தாதிகளுக்கு இப்படி நடப்பது செய்தித்தாள்களிலும் வந்துகொண்டிருக்கிறது. "நான் தொற்று நோயாளிகள் பிரிவில்கூட இல்லையடா. எலும்பு முறிவுப் பிரிவில் இருக்கிறேன்" என்றாள். அவள் எந்தப் பிரிவில் இருந்தால் என்ன? அந்தப் பிரிவிலேயே இருந்தாலும் நாம் எழுந்து இடம் கொடுக்க வேண்டியவள் அல்லவா? சார்ஸ் காலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உயிர்விட்ட மருத்துவர்களும் தாதிகளும் இந்த ஊரில் உண்டு. அந்த நினைவு உள்ள ஊரிலேயே இப்படி என்றால் என்ன சொல்வது?

மதியம் எதிர் வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் தட்டி, ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்கள் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்ப வேண்டாம். தாதிக்கு ஓய்வு வேண்டும்" என்று சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் சொன்னார்.

சாயங்காலம் லிட்டில் இந்தியாவின் தேக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களால் நிரம்பி வழியும் இடம். இன்றும் கூட்டம் இருந்தது. தஞ்சாவூர்ப் பையன்கள் நாலு பேர் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நால்வர் வீட்டிலும் ஒரே கேள்விதானாம்: எப்போது திரும்பி வருகிறாய்? "முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்காமல் எப்படி அண்ணா போவது?" என்றான் ஒருவன்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்தி. இன்றைய புதிய நோயாளிகளில் ஒருவர் 39 வயது பங்களாதேஷ் ஊழியர். காக்கி புக்கிட் விடுதி ஒன்றில் தங்கியிருப்பவர். மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பு தேக்கா பக்கத்திலுள்ள முஸ்தபா சென்டர் பேரங்காடிக்குப் போயிருக்கிறார். மொத்தம் 43.

பிப்ரவரி 10, திங்கள்

காலை ஆறு மணியிலிருந்து ஊரிலிருந்து அழைப்புகள். தேக்காவை மூடிவிட்டார்களாமே? முஸ்தபாவில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டதாமே? யார் சொன்னது என்று கேட்டால் குழுவில் வந்தது என்கிறார்கள். எந்தக் குழு என்பதற்குப் பதிலில்லை. நான் நேரிலேயே போய்ப் பார்த்தேன். முஸ்தபா திறந்திருக்கிறது. கூட்டம் குறைவு. தங்க நகைப் பிரிவு ஊழியர்கள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் பாதி மேசைகள் காலி. பூக்கட்டும் அம்மா, "நேற்று வரை சீனர் கடைக்குப் போகாதே என்றார்கள். இன்றைக்கு நம் தெருவுக்கு வராதே என்கிறார்கள்" என்றார். மல்லிகையை அளந்துகொண்டே சொன்னார், கை நிற்கவில்லை.

அவர் சொன்னதைத்தான் நான்கு நாட்களாக நானும் பார்த்துவருகிறேன். கிருமியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் பயம் பார்க்கக்கூடிய ஒரு முகத்தைத் தேடிக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை அது சீனப் பாட்டியின் முகம். பிறகு சீருடை போட்ட தாதியின் முகம். இப்போது பங்களாதேஷ் ஊழியரின் முகம். நோய் கையிலும் இருமலிலும் நெருக்கத்திலும் போகிறது. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போவதில்லை.

மாமா வேலையிடத்தில் இன்று முதல் எல்லோருக்கும் வெப்பநிலை பார்க்கிறார்கள். அவர் குழுவில் பதினைந்து பங்களாதேஷ் ஊழியர்கள். காலையில் ஒருவரும் பேசவில்லையாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்து, மாமா தன் டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "ஒருவனுக்கு லேசான சளி. சொன்னால் வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இரண்டு நாளாக மறைத்திருக்கிறான்" என்றார். அவனை மாமாவே மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறார். சாதாரணச் சளிதான். ஒதுக்கினால் மறைப்பார்கள், மறைத்தால் பரவும். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டில்களில் தூங்கும் விடுதிகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கவலைப்பட வேண்டிய இடம் அந்த அறைகள். அவற்றில் தூங்கும் மனிதர்களைப் பார்த்து ஏன் விலக வேண்டும்?

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா மகள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொந்த வெப்பமானி இருக்கிறது. சார்ஸ் காலத்திலிருந்து வந்த பழக்கம். வாயில் வைத்து, எண்ணைக் குறித்து, ஆசிரியரிடம் காட்டுகிறார்கள். கணக்குப் பாடம் போல அதையும் செய்கிறாள். எந்தக் கலக்கமும் இல்லை.

அதே பங்களாதேஷ் ஊழியர் வேலை பார்த்த சிலேத்தார் கட்டுமானத் தளத்தில் இன்னொருவருக்கும் தொற்று. மொத்தம் 47. இரவு உலகச் சுகாதார நிறுவனம் இந்த நோய்க்குக் கோவிட்-19 என்று பெயர் வைத்துவிட்டது. ஊர், விலங்கு, இனம் எதன் பெயரும் ஒட்டக்கூடாது என்பது அவர்கள் விதி. நல்ல விதி.

பிப்ரவரி 12, புதன்

திருச்சி. சிங்கப்பூரிலிருந்து வரும் விமானங்களையும் இப்போது பரிசோதிக்கிறார்கள். படிவம் ஒன்று, நெற்றியில் கருவி, முகவரி, தொலைபேசி எண். வரிசையில் முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே பட்டது. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கியதும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் பேரன் வழக்கம்போல ஓடி வந்தான். சாக்லேட் வாங்கிப் பழகியவன். பெரியம்மா சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவனைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "சிங்கப்பூரிலிருந்தா வருகிறாய் தம்பி?" என்றார். குரலில் கனிவு இருந்தது. கால் மட்டும் ஓர் அடி பின்னால் போனது.

நான் சுவருக்கு இந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, விமான நிலையத்தில் பார்த்துவிட்டார்கள், அறிகுறி வருவதென்றால் பெரும்பாலும் 14 நாளுக்குள் வந்துவிடும் என்கிறார்கள், அதுவரை நானாகவே வெளியே சுற்றப்போவதில்லை என்றேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படியென்றால் 26ஆம் தேதி வரைக்கும் உள்ளேயே இரு. சாக்லேட்டை அப்புறம் கொடுக்கலாம். தனியாக என்ன சமைப்பாய்? மதியம் குழம்பு வைத்துச் சுவர் மேல் வைக்கிறேன், பாத்திரத்தைக் கழுவ வேண்டாம், நான் வெந்நீரில் போட்டுக்கொள்கிறேன்" என்றார்.